ஒரு திரை, நான்கு குழந்தைகள்

(திண்டுக்கல்லில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வந்தவாசி, ஆரணிப் பகுதிகளிலிருந்து பணி நிமித்தம் இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மில் உண்டு. தாத்தாவும் பாட்டியும் அங்கே. பேரக்குழந்தை இங்கே, கைப்பேசியோடு. விளையாட்டுச் செயலியில் கேட்கும் ஆங்கிலச் சொற்களை ஒப்பிக்கும் பிள்ளை, தமிழில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லத் தயங்குகிறதே என்று வருந்தும் தாய்மார்களுக்காகவே பேச வந்தேன். குற்றம் கருவியிலா, அதைக் குழந்தையிடம் தனியே கொடுத்துவிட்டதிலா?

1999-ஆம் ஆண்டில் புதுதில்லி கால்காஜியில், சுகதா மித்ரா என்னும் அறிஞர் தம் அலுவலகச் சுவரில் ஒரு கணிப்பொறியைப் பதித்து வைத்தார். சுவருக்கு அப்பால் குடிசைப் பகுதி. கற்பிக்க எவருமில்லை. பிள்ளைகள் கூடினர், ஒருவன் இயக்க, சூழ்ந்து நின்றோர் வழி சொன்னார்கள். அவர்கள் பெரும்பாலும் செய்தது விளையாட்டும் ஓவியமுமே. ஆயினும், திரையில் நகரும் அம்புக்குறிக்கு 'சூயி', அதாவது ஊசி, என்றும், காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரக் குறிக்கு 'டமரு', அதாவது உடுக்கை, என்றும் தாமே பெயரிட்டனர். தனியே விளையாடுபவனுக்குப் பெயர் எதற்கு? அருகில் நிற்பவனுக்குச் சொல்லவேண்டியிருந்ததால் சொல் பிறந்தது.

அம்முயற்சியில் குறையும் இருந்தது. வளர்ந்த பையன்களே கருவியைப் பிடித்துக்கொள்ள, பெண்பிள்ளைகள் பின்னே தள்ளப்பட்டனர் என்பர் ஆய்வாளர். முறை வைத்து விளையாடுவதைப் பெரியவர்தாம் பழக்கவேண்டும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. காளிகுப்பம் என்னும் சிற்றூரில் மித்ரா நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. அவர்கள் 10 முதல் 14 வயதினர்; நம் மழலையரினும் மூத்தவர்கள். ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் பாடத்தைக் கணிப்பொறி முன் தாமாகவே கூடிப் படித்து, அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவருக்கு நிகராயினர். பின்னர், அப்பாடமே அறியாத ஓர் உள்ளூர்ப் பெண் உடனிருந்து ஊக்குவித்தபோது, தில்லியின் உயர்தரத் தனியார் பள்ளி மாணவரையே எட்டிப் பிடித்தனர். அவர் செய்ததெல்லாம் வியந்து கேட்டதுதான். இவ்வேலைக்கு நம் பாட்டிமாரைவிடத் தகுந்தவர் யார்?

லூடோவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சீசியின் வழிவந்த அவ்விளையாட்டு நம் தாயத்திற்கு உறவு. ஒரே கைப்பேசியை நடுவில் வைத்து நால்வர் மாறி மாறி ஆடலாம். பாட்டி உடனமர்ந்தால் 'தாயம்', 'வெட்டு', 'பழம்' என்னும் சொற்கள் தாமே வந்து சேரும். தோற்ற பிள்ளை சிணுங்கும். அடுத்த பிள்ளை தேற்றும். தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும் பழகும். செயலியின் குரலை அணைத்துவிடுங்கள். பேச்சு நம்முடையதாக இருக்கட்டும்.

அளவும் வேண்டும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், 2 முதல் 4 வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. உணவு ஊட்டக் கைப்பேசி கொடுப்பதை நான் விளையாட்டாகக் கொள்ளவில்லை.

அறக்கட்டளையினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் இம்மண்டபத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து, ஒரே ஒரு கைக்கணினியும் அதனருகே ஒரு தாயக்கட்டமும் வையுங்கள். பாட்டிமாருக்கு நாற்காலி போடுவதை மறந்துவிடாதீர்கள்.