வளரும் பிள்ளைகளும் விடுமுறையும்

பாடசாலைகளின் இரண்டாந் தவணை விடுமுறை வழக்கமாக ஆகஸ்ட் மாதத்தில் வருகின்றது. யாழ்ப்பாணத்தில் அது நல்லூர்த் திருவிழாக் காலம். பனம்பழம் விழுங் காலமுமாகும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை அந்நாட்களை எவ்வாறு கழிப்பது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பிள்ளையைக் கேளாமலே விடை எழுதப்பட்டுவிடுகின்றது.

தந்தையார் அழகிய கையெழுத்தில் நேரசூசி ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டுகின்றார். காலை ஐந்து மணிக்குக் கணிதம், எட்டு மணிக்குத் தனியார் வகுப்பு, மாலையில் மற்றொரு வகுப்பு. மூன்றாம் நாள் நேரசூசி சுவரில் இருக்கும். பையன் மதகடியில் இருப்பான். எங்கே போனாய் என்று கேட்டால் வகுப்புக்கு என்பான். அந்தப் பொய்யில் நேரசூசியைத் தயாரித்தவருக்கும் பங்குண்டு.

விடுமுறைக்கு ஒரு கிழமை முன்னரே, இராச் சாப்பாட்டின் பின், பெற்றார் பிள்ளையோடு ஆறுதலாக இருந்து பேசுவது நன்று. என்ன செய்ய விருப்பம் என்று கேட்டால் முதல் நாள் "ஒன்றுமில்லை" என்ற பதிலே வரக்கூடும். அதற்காகக் கோபிக்க வேண்டியதில்லை, மறுநாளும் கேட்கலாம். எவ்வளவு பணம் செலவிடலாம், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், பெரியவர் துணையின்றிக் கடலிலோ குளத்திலோ இறங்கலாகாது என்பவற்றைப் பெற்றார் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த எல்லைக்குள் திட்டத்தைப் பிள்ளையே எழுதட்டும். எந்தப் பாடத்தில் தான் பின்தங்கியிருக்கிறான் என்பது பெரும்பாலும் அவனுக்கே தெரியும். அதற்கு மட்டும் வகுப்பு வைத்தாற் போதும்.

ஒரு பையன் பனங்கொட்டைப் பாத்தி போட விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். இது படிப்பைக் கெடுக்கும் வேலையென்று தந்தையார் எண்ணுவது இயல்பே. ஆயினும் அதிலுள்ள படிப்பைச் சற்றே நோக்குதல் வேண்டும். விடியற்காலையில் எழுந்து பழம் பொறுக்க வேண்டும். களியைப் பிசைந்து பாயில் ஊற்றிப் பனாட்டுக் காயவிடும் பக்குவத்தை ஆச்சியிடம் கேட்டறிய வேண்டும். கொட்டைகளை எண்ணிக் கணக்கெழுதிப் பாத்தியில் அடுக்கி, மழை பிந்தினால் நீரூற்ற வேண்டும். தை மாதமளவிற் கிழங்கு கிண்டலாம்; அவித்தும் உண்ணலாம், பிளந்து காயவைத்து ஒடியலும் ஆக்கலாம். விற்றுவரும் காசு அவன் கையிலேயே இருக்கட்டும். தந்தையார் கொடுக்க வேண்டியது வளவில் ஒரு மூலை மட்டுமே. கொட்டைகளிற் பாதி முளைக்காமற் போனால் அதற்குரிய காரணத்தையும் அவனே தேடட்டும்.

பெண்பிள்ளையின் விடுமுறையைப் பற்றி வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. முற்றங் கூட்டல், சமையல், தம்பி தங்கையரைப் பார்த்தல் என்று அவளுடைய நாள் தானாகவே நிரம்பிவிடுகின்றது. தமையனோ துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டுவிடுகிறான். வீட்டு வேலை இருவருக்கும் பொதுவானது. தேங்காய் துருவுவதால் எந்தப் பையனுக்கும் மதிப்புக் குறைந்துவிடாது. 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போக அவள் விரும்பலாம். அந்நூலகத்துக்காகக் கண்ணீர் விட்ட ஊரில், ஒரு சிறுமி அங்கே சென்றிருந்து வாசிப்பதற்குக் கிழமைக்கு இரண்டு முற்பகல்கள் கிடையா என்பது பொருந்துமா?

விடுமுறையின் நடுவில் ஒரு நாள் திட்டத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். கைவிட்டதை அடித்துவிட்டுப் புதியதை எழுதும் பென்சிலும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.