மருத்துவத் தவறும் நஷ்டஈடும்

 

மருத்துவத் தவறுக்கு விதிக்கப்படும் நஷ்டஈட்டிற்கு உச்சவரம்பு வேண்டுமென இந்திய மருத்துவச் சங்கம் 2017ஆம் ஆண்டு கோரியது. இதனை ஷரீஅத்தின் ஒளியில் சிந்திப்போம்.

1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் இரு கண்களும் பார்வை இழந்தன. தேசிய நுகர்வோர் ஆணையம் வழங்கிய நஷ்டஈடு 5 இலட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றமோ, எதிர்காலச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்கியது. 5 இலட்சமே உச்சவரம்பாக இருந்திருந்தால், மீதிச் சுமை யார் தலையில் விழுந்திருக்கும்? தவறே செய்யாத பெற்றோரின் தலையில் அல்லவா!

மருத்துவம் அறியாமல் சிகிச்சை செய்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை (அபூதாவூத்). தேர்ந்த மருத்துவர், அனுமதி பெற்று, முறைப்படி சிகிச்சை செய்தும் நோயாளி இறந்தால் அவர்மீது குற்றமில்லை. கவனக்குறைவாக வரம்பு மீறினால் பொறுப்புண்டு என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு.

"ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம், இரு கண்களுக்கு முழு தியத் என ஷரீஅத்தே அளவு வகுத்துள்ளதே!" என்று சிலர் கேட்கலாம். அந்த அளவு, தவறிழைத்தவரைக் காக்கும் உச்சவரம்பன்று, பாதிக்கப்பட்டோரின் உரிமை. மன்னித்து விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உரியவர்களுக்கே உண்டு (அல்குர்ஆன் 4:92). செல்வந்தனின் கண்ணுக்கும் கூலியாளின் கண்ணுக்கும் அங்கே வேறு வேறு விலையில்லை. கீரிப்பாறையில் ரப்பர் பால்வடிக்கும் தொழிலாளியின் வருமானத்தை மட்டும் வைத்து அவர் உயிரை மதிப்பிடுவது எப்படி நீதியாகும்?

மருத்துவர்களின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்கலாகாது. ஒரே தீர்ப்பில் வாழ்வு அழியுமென அஞ்சினால், ஆபத்தான நிலையிலுள்ள நோயாளியை ஏற்கவே அவர்கள் தயங்குவர், இழப்பு ஏழைகளுக்கே. இதற்கும் ஷரீஅத் வழிகாட்டுகிறது. தவறுதலாக நேர்ந்த உயிரிழப்பின் தியத்தை 'ஆகிலா' எனும் உறவினர் குழு பகிர்ந்து சுமந்தது. இன்று மருத்துவமனையும் மருத்துவர்களின் கூட்டு நிதியும் அவ்விடத்தில் நிற்கலாம்.

அளவிட இயலாத மனவேதனைக்கான தொகைக்கு வரம்பு வைப்பது குறித்து ஆலோசிக்கலாம். கலிஃபோர்னியா 1975இல் அதற்கு மட்டுமே வரம்பு வைத்தது. ஆனால் சிகிச்சைச் செலவுக்கும் இழந்த பிழைப்புக்கும் வரம்பு வைப்பது அநீதி. சுமையைப் பகிரலாம், பாதிக்கப்பட்டவரின் உரிமையைக் குறைக்கலாகாது.

விதியால் நேர்ந்த மரணத்திற்கு மருத்துவரைப் பழிக்காமலும், தவறால் நேர்ந்த இழப்பை விதியென்று மூடிமறைக்காமலும் நீதியோடு வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.