ஆஸ்பத்திரி பக்கத்தில், வைத்தியம் மட்டும் ஏன் தூரத்தில்?

(காட்பாடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருநாள் விடியற்காலையில் நமது காட்பாடி ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் வண்டிகளிலிருந்து நோயாளிகள் இறங்குவார்கள். கையில் எக்ஸ்ரே உறை, தோளில் துணி மூட்டை, கண்ணில் தூக்கமில்லை. இரண்டு இரவு பயணம் செய்து வேலூருக்கு வைத்தியம் தேடி வருகிறார்கள். வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்க எழுத்தில் பெயர்ப் பலகை தொங்குவது இவர்களுக்காகத்தான்.

நமக்கோ பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஆனால் நம்மவர்கள் எப்போது போய்ச் சேருகிறார்கள்? கால் கறுத்த பிறகு! கண் மங்கிய பிறகு! நெஞ்சு வலி தோளில் இறங்கிய பிறகு! இது ஏன்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வரிசையில் நிற்பவனின் கஷ்டம்

"ஹஜ்ரத், டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை" என்று சொல்லாத ஆள் இல்லை. சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு சகோதரரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பஸ் ஏறுகிறார். டோக்கன் வாங்க ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, டாக்டர் அறை முன் ஒரு வரிசை. லுஹர் நேரம் தாண்டித்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் சில நிமிடங்கள். "ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், ரிப்போர்ட் வந்ததும் வாருங்கள்" என்று சொல்கிறார்கள். அந்த நாள் கூலி போயிற்று. ரிப்போர்ட் வாங்க வரும் நாளின் கூலியும் போயிற்று. சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் தள்ளித் தேதி கிடைக்கிறது. மூன்றாவது முறை அவர் போவதில்லை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிடுகிறார்.

இதற்கு டாக்டரைத் திட்டி என்ன பயன்? ஜலதோஷமும் அங்கேதான், புற்றுநோயும் அங்கேதான் என்றால் எந்த ஆஸ்பத்திரி தாங்கும்? கோளாறு பெரிய வாசலில் மட்டும் இல்லை. அதற்கு முன் இருக்க வேண்டிய சின்ன வாசல் நம் தெருவில் இல்லை. அதுதான் நோயின் வேர்.

பணக்கார நாட்டிலும் இந்தக் குறை உண்டு. பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் அரசே எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கிறது. அங்கும் காலை எட்டு மணிக்குப் போனில் முந்தினால்தான் குடும்ப டாக்டரிடம் நேரம் கிடைக்கிறது என்று மக்கள் புலம்புகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே தெருவில் இருக்கும் சாதாரண மனிதனும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்திருக்கிறான். அவனுடைய நோயின் வரலாறு அங்கே எழுதி இருக்கிறது. நம் வீட்டிலோ அத்தாவின் மருந்துச் சீட்டு அலமாரியிலா, பிரிட்ஜ் மேலா என்று தேடும்போதே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது.

மூன்று கதவுத் தட்டல்கள்

வேலூர் சி.எம்.சி. எப்படிப் பிறந்தது என்று நம் இளைஞர்களுக்குத் தெரியுமா? 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் இருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் டாக்டரின் மகள் ஐடாவை வரச் சொன்னார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தந்தை வருவார்" என்றார் அந்த இளம்பெண். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மூன்று கணவர்களில் ஒருவர் முஸ்லிம்!

ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். அந்த ஒற்றைக் கட்டில்தான் இன்று ஊரையே நிரப்பி நிற்கிறது.

இந்த வரலாற்றை எதற்குச் சொல்கிறேன்? அந்தப் பெண்கள் டாக்டர் இல்லாமல் சாகவில்லை. டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். அவருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்றது வேறொன்று. நூறு வருடங்களுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அந்த வேறொன்று இருக்கிறதா இல்லையா? "கூட்டிப் போக ஆள் இல்லை", "பெண் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று தெரியவில்லை", "உர்துவில் சொன்னால் புரியுமோ" என்று நம் தாய்மார்கள் மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். உயிரைக் காக்க வைத்தியம் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பெண் டாக்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வீட்டில் கிடத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கடை முதலாளியே, உங்களுக்கும்தான்!

கல்லாவில் உட்கார்ந்து இதைப் படிக்கும் வணிகரே, ஒரு கேள்வி. உங்கள் கடையின் கணக்கைத் தினமும் இரவு பார்க்கிறீர்கள். உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சர்க்கரை நோய் உள்ளவர் மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைக் குறித்த காலத்தில் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணின் உட்திரை, சிறுநீரில் புரதம், பாதத்தின் உணர்ச்சி மூன்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் அவசர சிகிச்சை அல்ல. முன்கூட்டியே தேதி வாங்கிச் சாவகாசமாகச் செய்துகொள்ளக் கூடியவை. இவற்றைத் தள்ளிப் போட்டவர்தான் பிறகு அவசர வாசலில் போய் நிற்கிறார்.

ரமலானைப் பாருங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருக்கிறான் இறைவன். ஆனால் நம்மவர் பிறை தெரிந்த பிறகுதான் "இன்சுலின் எப்போது போடுவது?" என்று ஓடுகிறார். ஆறு எட்டு வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் போய், நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்வதுதான் முறை. ஷஅபானில் துணிக்கடைச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாதா?

உரிமை இருக்கிறது, கேட்பார் இல்லை

1948-இல் சட்டமாக வந்த இ.எஸ்.ஐ. திட்டம் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் தருகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலை இதில் வந்துவிடும். 2017 ஜனவரியிலிருந்து சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். மாதம் 12,000 வாங்குபவருக்கு அவர் பங்கு 90 ரூபாய், முதலாளி பங்கு 390 ரூபாய். இதற்குக் கிடைப்பது என்ன? வைத்தியம் மட்டுமல்ல, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியவர் நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், டாக்டர் சான்று கொடுத்து, வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் பெறலாம். "கூலி போய்விடுமே" என்று வலியோடு மிஷினில் உட்கார்ந்தாரே அந்தச் சகோதரர், அவருக்காக எழுதிய சட்டம் இது!

தோல் தொழிலின் முதலாளிகளில் நம்மவர் நிறைய உண்டு. அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் பதிவேட்டில் ஒன்பது பெயர் மட்டும் இருந்தால், அந்த மூன்று பேரின் வைத்தியத்தை யார் தின்றது? வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூ மேல்தோல் தைக்கும் நம் சகோதரிகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்குத் தைத்த ஜோடிக்குத்தான் காசு. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் பட்டினி நாள். அவர்களுக்கு யார் பொறுப்பு? மறுமையில் பதில் சொல்ல வேண்டிய கணக்கு இது.

அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் வந்தது, 2012-இல் விரிவானது. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். மாதா மாதம் டாக்டரைப் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் அது துணை வராது. மாத்திரைக்கு வழி வேறு. 1995 முதல் அரசே மருந்தை மொத்தமாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை இலவசமாகத் தர ஏற்பாடு செய்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வந்தது. உங்கள் தெருவில் எத்தனை வீடு பெயர் பதிந்தது? "அரசாங்க மாத்திரை வேலை செய்யாது" என்று சொல்லியே எத்தனை பேர் எந்த மாத்திரையும் சாப்பிடாமல் இருக்கிறார்கள்?

பெரிய வாசலுக்கு முன் சின்ன வாசல்களும் உண்டு. வேலூர் நகர ஏழைகளுக்கென சி.எம்.சி.யே குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. பாகாயத்தில் அதன் சமூக மருத்துவப் பிரிவின் ஆஸ்பத்திரி, கே.வி. குப்பம் பக்கம் 1977-இல் தொடங்கிய 'ருசா' கிராம மருத்துவ மையம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு 2019 முதல் திருப்பத்தூர்தான் மாவட்டம், மேல்விஷாரத்துக்கு ராணிப்பேட்டை. காப்பீட்டு அட்டைக்கு எந்தக் கலெக்டர் ஆபீஸ் போவது என்பதைக் கூடத் தெரியாமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நோய்க்கு எந்த வாசல் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் பாதி வரிசை குறையும்.

நம் முன்னோர் கட்டிய வாசல்

1154-இல் நூருத்தீன் டமாஸ்கஸில் ஒரு மருத்துவமனை கட்டினார். 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டினார். ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் அது திறந்திருந்தது. நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது? வக்ஃபு சொத்துகளிலிருந்து, கடைத்தெரு வாடகையிலிருந்து! வணிகப் பெருமக்களே, கடையின் வாடகை நோயாளியின் கஞ்சியானது நம் வரலாறு. 925 வாக்கில் மறைந்த மாமருத்துவர் அர்ராஸீ, டாக்டர் கிடைக்காதவருக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்தக் கவலை ஒரு மருத்துவருக்கு இருந்தது. இன்று நம் முத்தவல்லிகளுக்கு இருக்க வேண்டாமா?

என்ன செய்யப் போகிறோம்?

பெரிய ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்திலும் ஐந்து காரியம் கேட்கிறேன்.

ஒன்று: வாரம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் வளாகத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் மேசை ஒன்று. பயிற்சி பெற்ற நர்ஸ் அல்லது டாக்டர் மேற்பார்வையில். பெண்களுக்குத் தனி நேரம். அக்கம்பக்கத்துச் சகோதர சமுதாயத்தாருக்கும் அது திறந்திருக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் மிஞ்சிப்போகும் பிரியாணியின் செலவு கூட இதற்கு ஆகாது.

இரண்டு: வீட்டுக்கு ஒரு பைல். பழைய சீட்டு, ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரையின் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் அதில். டாக்டர் தரும் சில நிமிடங்கள் தேடுவதில் கழியாது.

மூன்று: துணை போக ஆள். செல்போனில் நாள் முழுக்க விரல் தேய்க்கும் இளைஞனே, உன் தெருவின் பாட்டிக்கு ஆன்லைனில் அப்பாயின்ட்மெண்ட் போட்டுக் கொடு. மாதம் ஒரு நாள் ஒருவரோடு போய் வரிசையில் நில். படித்த சகோதரிகள் பெண்களோடு போகட்டும். உர்துவில் சொல்வதைத் தமிழில் டாக்டருக்குச் சொல்லட்டும். நோயாளியை நலம் விசாரிப்பது நன்மை என்றால், அவர் நோய் முற்றுமுன் கூட்டிப் போவது எவ்வளவு நன்மை!

நான்கு: பதிவு. இ.எஸ்.ஐ. எண் இல்லாத தொழிலாளி, காப்பீட்டு அட்டை இல்லாத ஏழை யார் யார் என்று பட்டியல் எடுங்கள். முதலாளியிடம் முதலில் அன்பாகப் பேசுங்கள். கேட்கவில்லையென்றால் சட்டப்படி எழுதுங்கள்.

ஐந்து: கோரிக்கை. கூலிக்காரன் வேலை முடித்து வரும் மாலை நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையமும் இ.எஸ்.ஐ. மருந்தகமும் திறந்திருக்க வேண்டும். பெண் டாக்டர் வரும் நாட்களை வாசலில் எழுதிப் போட வேண்டும். காலியான டாக்டர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். வீட்டில் தைக்கும் பெண்களைத் தொழிலாளியாகப் பதிய வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலையும் சாக்கடையும் கேட்கிறோமே, இதையும் கேட்போம்!

சகோதரர்களே! அஸ்ஸாமிலிருந்து வருகிறவருக்கு நம் ஊர் இரண்டு இரவுத் தூரம். அவர் வந்து சேர்ந்துவிடுகிறார். நமக்கு இருப்பது ஒரு பாலத்தின் தூரம். அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் தெருவில் வைத்தியத்தைத் தள்ளிப் போட்டிருக்கும் ஒரே ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவர் கையைப் பிடித்து அந்தத் தூரத்தைக் கடக்கச் செய்யுங்கள். வல்ல இறைவன் நம் எல்லாருக்கும் நல்ல உடல்நலத்தைத் தந்தருள்வானாக!