புயற்காலமும் கிராமத் தொழில்களும்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் வரக்கூடும் என்பது நம் கடற்கரை ஜில்லாக்களில் யாவரும் அறிந்ததே. பயிருக்காகவும் கூரைக்காகவும் கவலைப்படுகிறோம். ஊரிலுள்ள அரிசி ஆலை, உரக்கடை, பால் சங்கம் ஆகியவற்றை மட்டும் நடத்துபவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஆலை நின்றால் நம் நெல்லை எங்கே அரைப்பது? சங்கம் நின்றால் கறந்த பாலை எங்கே ஊற்றுவது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை கடந்தது. காற்று சில மணி நேரமே வீசிற்று. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன; பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தென்னை அழிந்த ஊர்களில் கயிற்றுத் தொழிலுக்கு மட்டை கிடைப்பது அரிதாயிற்று. இதற்கு எந்த முன்னேற்பாடும் முழுப் பரிகாரமாகாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். எனினும், மின்சாரம் இல்லாத நாட்களை எப்படிக் கடத்துவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். டீசல் ஜெனரேட்டர் யாரிடம் உள்ளது, முறை வைத்துப் பால் சங்கத்துக்குத் தருவாரா என்பதைப் புரட்டாசியிலேயே பேசி முடிப்பது நலம்.

மூட்டைகளை உயரமான பலகைகளின் மீது அடுக்குவதும், வெள்ளம் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைப்பதும் எளிய காரியங்களே. இன்னார் செய்வார் என்று பெயர் குறித்து வைக்காவிட்டால் அவையும் நடவா. நனைந்த மோட்டாரை மின்பணியாளர் பார்க்குமுன் ஓட்டலாகாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் நாம் பெரிதும் ஏமாறுகிறோம். குறுவை நெல் வந்து குவியும் காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன; பாலிஸியோ கோடையில் இருந்த சரக்குக்கு எடுத்ததாக இருக்கும். பத்து லட்ச ரூபாய்ச் சரக்கை ஐந்து லட்சத்துக்கே இன்ஷூர் செய்திருந்து, இரண்டு லட்சத்துக்கு நஷ்டம் நேர்ந்தால், முழுதும் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். சாதாரணமாக அதில் பாதி, ஒரு லட்சமே கிடைக்கும். சரக்குக் கணக்கும் நனைந்து போயிருந்தால் அந்த ஒரு லட்சத்தைப் பெறுவதும் பெரும்பாடாகும். கணக்கின் நகலொன்றை வெளியூர் உறவினரிடம் வைப்பதற்குச் செலவென்ன?

அக்டோபர் 2-இல் கூடும் கிராம சபையில், ஊரிலுள்ள ஆலைகள், கடைகள், சங்கங்களின் பட்டியலை எடுத்து வைப்போம். ஒவ்வொன்றின் பொறுப்பாளரும் தம் பாலிஸியுடன் வருமாறு இப்போதே சொல்லியனுப்புவோம்.