தங்கம் செம்பாகத் தெரியும்போது

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் ஓடும் அசல் ஜரிகை, சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மீது தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசிய இழையாகும்; அதில் தங்கம் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினாலும் மேலிருக்கும் முலாம் அதை மறைத்துவிடுமாதலால், ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைக் கொண்டு உலோகங்களின் விகிதத்தை அறிய முடியாது. ஆகவே அந்த வேலை எக்ஸ் கதிர்க் கருவியிடம் வந்திருக்கிறது.

கருவி பாய்ச்சும் கதிரை ஏற்ற ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஆற்றலுடைய எக்ஸ் கதிரை உமிழ்கிறது. அவற்றுள் முதன்மையானவற்றின் ஆற்றல் வெள்ளிக்குச் சுமார் 22, தங்கத்துக்கு 9.7, செம்புக்கு 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இந்த ஆற்றலை அளப்பது ஒரு சிறு சிலிக்கன் சில்லு. மின்சாரத்தை முழுமையாகக் கடத்தாமலும் முழுமையாகத் தடுக்காமலும் இருப்பதால் குறைக்கடத்தி எனப்படும் இப்பொருளில் கதிரின் ஒரு துகள் விழுந்தால், எலக்ட்ரான்கள் தம் இடத்தைவிட்டுப் பெயர்கின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் துளைகள் எனப் பெயர்பெற்று, நேர்மின்னூட்டம் கொண்டவைபோல் நடந்துகொள்கின்றன. இவ்வாறு ஓர் இணை பிறக்கச் சிலிக்கனில் ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் செலவாவதால், தங்கத்தின் துகள் சுமார் 2,700 இணைகளையும் செம்பின் துகள் சுமார் 2,200 இணைகளையும் உண்டாக்கும். சில்லின் இருபுறமும் உள்ள மின்முனைகள் எலக்ட்ரான்களை ஒருபக்கமும் துளைகளை மறுபக்கமும் இழுத்துக்கொள்ள, வந்துசேர்ந்த மின்னூட்டமே ஆற்றலின் கணக்காகிறது.

பிறந்தவை எல்லாம் வந்துசேர்வதில்லை என்பதுதான் சிக்கல். கதிர் நுழையும் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கிலும் சில்லின் விளிம்பிலும் மின்புலம் தளர்ந்திருப்பதால், அங்கே பிறந்த எலக்ட்ரான்களுள் சில துளைகளோடு மீண்டும் சேர்ந்து மறைந்துபோகின்றன. 2,700-இல் ஆறில் ஒரு பங்கு தொலைந்தால் எஞ்சுவது 2,250. அதாவது கருவியின் கண்ணுக்கு அந்தத் தங்கத் துகள் ஏறக்குறைய செம்பாகிவிடுகிறது. இந்த இழப்புக்கு ஒரு திசை உண்டு: தங்கம் செம்பாகத் தோன்றலாமே தவிர, இழப்பினால் மட்டும் செம்பு ஒருபோதும் தங்கமாகாது. தங்கத்தைவிடப் பன்மடங்கு மிகுந்துள்ள வெள்ளியின் துகள்களுள் பாதிக்குமேல் மின்னூட்டம் இழந்தவை, கருவி வரையும் ஆற்றல் வரைபடத்தில் தங்கத்துக்குரிய சிறு முகட்டின் அடியில் வண்டலாகப் படிந்துவிடுவது இன்னும் தொல்லை. நல்ல சிலிக்கனில் இத்தகைய துகள்கள் அரிதே. ஆனால் தேடப்படும் பொருளும் அரிது என்பதை மறக்கலாகாது.

ஜரிகைச் சோதனைக்கு ஒற்றைச் சில்லு போதும். படம் எடுக்க வேண்டுமானால் அதைப் பல்லாயிரம் படப்புள்ளிகளாகப் பகுக்க வேண்டும். ஆற்றல் மிகுந்த கதிர் மெல்லிய சிலிக்கனை ஊடுருவிச் சென்றுவிடுவதால், அத்தகைய கதிரைப் படமெடுக்கும் கருவிகளில் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு போன்ற கனமான படிகங்கள் இடம்பெறுகின்றன. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அத்தகைய படிகங்களில் 16,384 படப்புள்ளிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் அகலமும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். இப்படிகத்தில் எலக்ட்ரான்கள் விரைந்து செல்ல, துளைகளோ மெல்ல நகர்ந்து படிகக் குறைகளில் சிக்கிக்கொள்கின்றன. எனவே ஒரே ஆற்றலுடைய இரு துகள்கள் படிகத்தின் வெவ்வேறு ஆழங்களில் விழுந்தால் வெவ்வேறு ஆற்றலுடையவைபோல் பதிவாகக்கூடும். படிகத்தின் தடிப்பைவிடப் படப்புள்ளியைச் சிறிதாக்கினால், எலக்ட்ரான்கள் மின்முனையை நெருங்கும் கடைசித் தூரத்திலேயே சைகையின் பெரும்பகுதி உருவாவதால், துளைகளின் தாமதம் அவ்வளவாக உறுத்துவதில்லை.

ஆனால் படப்புள்ளியை மிகவும் சிறிதாக்கினால் வேறொரு வினை வந்துசேர்கிறது. எல்லைக்கோட்டில் விழும் துகளின் மின்னூட்டம் இரண்டு மூன்று படப்புள்ளிகளுக்குப் பிரிந்துபோவதால், ஒரு பெரிய துகள் சில சிறு துகள்களாக எண்ணப்படுகிறது. காஞ்சி நெசவில் உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் கோர்வை பிசகாமல் இணைக்க, நெய்பவருக்கு உதவியாகக் கரைநாடாவைத் தள்ள இன்னொருவர் தறியருகே அமர்வது வழக்கம். செர்ன் ஆய்வகம் முன்னின்று உருவாக்கிய மெடிபிக்ஸ்-3 என்னும் மின்சில்லு ஏறத்தாழ அதே பணியைச் செய்கிறது. ஒரே கணத்தில் அண்டைப் படப்புள்ளிகளில் வந்துசேர்ந்த பங்குகளைக் கூட்டி, மிகுதியாகப் பெற்ற புள்ளியின் பெயரில் அது பதிந்துவைக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தொலைந்த மின்னூட்டத்தையோ குறைகளில் சிக்கியதையோ எந்தக் கூட்டலும் மீட்டுத் தராது.

ஆகவே ஜரிகைக் கருவி காட்டும் எண், உலோக அளவு முன்பே தெரிந்த மாதிரி ஒன்றோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட அளவுக்கே நம்பத்தக்கது. சோதனைக்குச் சேலை கொண்டுசெல்லும் நேயர்கள், அந்த மாதிரியை முதலில் அளந்து காட்டும்படி கேட்பது நல்லது.