விரலசைவில் பிளவா?

அத்தஹிய்யாத்தில் ஒருவர் விரலை அசைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் கோபம் வருகிறது? அத்தா தொழுததைப் பார்த்துத் தொழுகிறோம், ஆதாரத்தைப் படிக்கவில்லை. வேறு விதமாகச் செய்பவரைக் கண்டதும், நம் தொழுகையே வீணோ என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு மார்க்கப்பற்று என்று பெயர்! அசைப்பவரோ ஒரு ஹதீஸைக் கற்றதும் மற்றவரை ஏளனம் செய்கிறார்.

பனூ குறைளாவில்தான் அஸர் தொழ வேண்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நேரமானதும் ஸஹாபாக்களில் சிலர் வழியிலேயே தொழுதார்கள். சிலர் போய்ச் சேர்ந்த பின்பே தொழுதார்கள். எவரையும் நபியவர்கள் கண்டிக்கவில்லை (புகாரி).

1997இல் கோவையில் நம் கடைகளைக் கொளுத்தியவர்கள், விரலை அசைப்பவரா என்று விசாரிக்கவில்லை. நாம் ஏன் விசாரிக்கிறோம்? ஆதாரத்தைப் படியுங்கள், அச்சம் நீங்கும். ஸலாமை மட்டும் நிறுத்தாதீர்கள்!