சிறுமலை வாழையும் சிருட்டி வாதமும்

ஒரு செல்லுக்குள் இருக்கும் நுட்பத்தைக் காட்டி, இதைப் படைத்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்று முடிப்பது ஆத்திக மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். அந்த நுட்பம் பொய்யில்லை. ரைபோசோம் ஒன்றை எடுத்துக்கொண்டாலே போதும். மரபணு தரும் செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை வரிசை பிசகாமல் கோத்துப் புரதமாக்கும் துகள் அது. பாக்டீரியாவின் ரைபோசோமில் மூன்று ஆர்.என்.ஏ. இழைகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் உண்டு. நொடிக்கு ஏறக்குறைய 20 அமினோ அமிலங்களைக் கோத்துவிடும். அதன் உருவத்தை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காகத்தான், சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மனித செல் ஒன்றின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் மடிந்து கிடக்கிறது. இதைப் படித்தும் வியப்பு வராதவர் சரியாகப் படிக்காதவர். வியப்பிலிருந்து கடவுளுக்கு வைக்கும் அந்த ஒரு எட்டில்தான் வழக்கு.

அந்த எட்டை 1802இல் வைத்தவர் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார். கடிகாரத்தின் உறுப்புகள் பொருந்தி நிற்பதைப் பார்த்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பது தெரிகிறது. உயிர்களும் அப்படியே என்றார். 1996இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி அதே வாதத்தைச் செல்லுக்குள் கொண்டுபோனார். பாக்டீரியா நீந்தப் பயன்படும் கசையிழையில் ஓர் உறுப்பை எடுத்தாலும் இயக்கம் நின்றுவிடும், ஆகவே அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்றார். 2005இல் இதைப் பள்ளிப் பாடத்தில் நுழைப்பது பற்றிப் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் எழுந்த வழக்கில் அவரே சாட்சி சொன்னார். இந்தக் கொள்கை அறிவியல் ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

நீதிமன்றத்தை விடப் பெரிய எதிர்ச்சாட்சி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரைபோசோமின் நடுவில் அமினோ அமிலங்களை இணைக்கும் வேலையைச் செய்வது புரதம் அன்று, ஆர்.என்.ஏ. புரதம் செய்யப் புரதம் வேண்டுமென்றால் முதல் புரதம் எங்கிருந்து வந்தது என்ற முடிச்சு இதனால் பாதி அவிழ்ந்தது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தனக்கென்று ஒரு டி.என்.ஏ. வளையம் வைத்திருக்கிறது, ஒருகாலத்தில் தனித்துத் திரிந்த பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டதன் அடையாளம் அது. முதல் செல் எப்படித் தோன்றியது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லைதான். ஆனால் விடை இல்லாத இடத்தில் கடவுளைக் குடிவைத்தால், விடை வரும் அன்று அவரைக் காலி செய்யச் சொல்ல நேரும்.

தமிழுக்கு இந்த வழக்கு புதிதன்று. மணிமேகலையில், வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். தாதகிப்பூவும் வெல்லமும் கூடினால் மதுவின் களிப்புப் பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான் அவர்களில் ஒருவனான பூதவாதி. கெட்டிக்கார எடுத்துக்காட்டு. 1850களின் இறுதியில் லூயி பாஸ்டர் அதைக் கவிழ்த்தார்: சர்க்கரை மதுவாவது ஈஸ்ட் என்னும் உயிருள்ள செல்லின் வேலை. உயிர் வேண்டாம் என்று காட்டிய பானைக்குள்ளேயே உயிர் இருந்திருக்கிறது! அந்த வெற்றியும் நாற்பது ஆண்டே நிலைத்தது. 1897இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்கவைக்கும் என்று காட்டினார். 1907இல் நோபல் பரிசு பெற்றார். பூதவாதியின் பக்கம் மறுபடி கனத்தது. அந்த நொதிகளைச் செய்ததும் ஈஸ்ட்தானே என்று ஆத்திகர் திருப்பிக் கேட்கலாம்; கேட்கத்தான் வேண்டும்.

சைவ சித்தாந்தத்தின் வாதம் இந்த ஏற்ற இறக்கத்தில் சிக்குவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞான போதத்தின் முதல் நூற்பாவிலேயே இறைவனை நிறுவுகிறார். பொருள்களின் நுட்பத்தை அவர் கையில் எடுக்கவே இல்லை; அவை தோன்றி, நின்று, ஒடுங்குகின்றன என்பதே அவருக்குப் போதும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதல், சத்தி துணை, சிவன் நிமித்தம். இல்லாததிலிருந்து எதுவும் வராது என்பது சித்தாந்தத்தின் அடித்தளம். ஆகவே செல் ஒரே நாளில் வந்ததா, 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாக மாறி மாறி இன்றைய வடிவத்துக்கு வந்ததா என்பதால் மெய்கண்டார் வாதத்துக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இதை வீட்டில் வைத்துக்கொண்டு பேலியின் கடிகாரத்தை இரவல் வாங்குவதுதான் வேடிக்கை. சமணர் இதையும் ஏற்கவில்லை. தொடக்கமே இல்லாத உலகுக்குப் படைத்தவன் எதற்கு என்றார்கள். அது தத்துவ வழக்கு, நுண்ணோக்கியால் தீராது.

நுண்ணோக்கியால் தீர்ந்த வழக்கு ஒன்று திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே உண்டு. சிறுமலை வாழையும் விருப்பாச்சி வாழையும் 2008இல் புவிசார் குறியீடு பெற்றவை. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் விருப்பாச்சி. 1970களில் முடிக்கொத்து நோய் மலைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. நோய் தரும் வைரசிடம் இருப்பவை ஆறு டி.என்.ஏ. வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகள். சொந்தமாக ஒரு ரைபோசோம்கூட அதற்குக் கிடையாது. சாறு உறிஞ்சும் அசுவினி வழியே வாழைச் செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ரைபோசோமையே தனக்குப் புரதம் செய்ய வைக்கிறது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். மரம் தார் போடாது. செல்லின் நுட்பத்தைக் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்துபவர் இந்த வைரசின் சிக்கனத்தையும் அதே கூண்டில் ஏற்றியாக வேண்டும். முருகனுக்குப் போகும் பழத்தையே அது விட்டுவைக்கவில்லை. பேலிக்கு இது சங்கடம். அழித்தலையும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாக எண்ணிய சித்தாந்தத்துக்கு அவ்வளவு சங்கடம் இல்லை. ஆனால் அது பேசுவது உயிரைப் பிணிக்கும் மலத்தையும் வினையையும் பற்றி, அசுவினியைப் பற்றி அன்று.

விதையில்லாத வாழை கன்று வழியே பெருகுவதால் தாய் மரத்தின் நோய் கன்றுக்கும் போகும். அதனால் நோயற்ற மரத்தின் நுனிக்குருத்துத் துணுக்கை எடுத்துத் திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் உண்டாக்கப்படுகின்றன. நட்ட பின்னும் அசுவினி வந்தால் நோய் திரும்பும். பிடித்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.